ஷவர் ட்ரே கால் வச்சா அமுங்குதா? சிலிகான் வாங்குறதுக்கு முன்னாடி இதப் படிங்க

ஷவருக்கு அடியில தண்ணி புடிக்க பதிக்கிற தட்டுதான் ட்ரே. அதுல ஏறி நின்னா டொக்குனு ஒரு சத்தம், கால் லேசா உள்ள இறங்குது, கொஞ்ச நாள் கழிச்சு கீழ் வீட்டு சீலிங்ல மஞ்சளா ஒரு கறை. இது மூணும் சேர்ந்து வந்தா கோளாறு ஓரத்துல இல்ல, அடியில. எங்க வீடு புதுச்சேரி லாஸ்பேட்டைல, மாடில பிற்பாடு கட்டுன பாத்ரூம், அக்ரிலிக் ட்ரே. பார்க்க வந்தவங்க எல்லாம் ஓரத்துல ஒரு கோடு சிலிகான் இழுத்துட்டு காசு வாங்கிட்டுப் போனாங்க, கசிவு மட்டும் போகல. எப்படிப் போகும்? ஆள் ஏறி இறங்கும்போதெல்லாம் ட்ரே வளைஞ்சு அந்த சிலிகான பிச்சு எடுக்குது, ட்ரெய்ன் (தண்ணி வெளிய போற ஓட்டை) நட்டையும் ஆட்டி ஆட்டி லூஸ் ஆக்குது. ஆட்டத்த நிறுத்துனாதான் கசிவு நிக்கும்.

(ட்ரே இல்லாம வெறும் டைல்ஸ் தரையும், தரையிலயே பதிச்ச ஜாலி போட்ட நஹானி ட்ராப்பும் இருக்குற பாத்ரூம்னா இது உங்களுக்கு இல்ல, அது தனி வேலை.)

முதல்ல எங்க ஒழுகுதுன்னு பாருங்க. ட்ரெய்ன் ஓட்டைய அடைச்சுட்டு தண்ணி புடிச்சு, மட்டத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டுட்டு ஒரு மணி நேரம் விடுங்க. மட்டம் இறங்குனா ஒண்ணு ட்ரேல விரிசல், இல்ல ட்ரெய்ன் வாய் உக்கார்ற இடத்துல கசிவு. இறங்கல, அடைப்ப எடுத்து விட்டதும் கீழ சொட்டுதுன்னா ட்ராப் (ட்ரெய்னுக்குக் கீழ நாத்தம் வராம தண்ணி தேங்கி நிக்கிற வளைவு) ஜாயிண்ட். ரெண்டும் இல்லனா செவுரு ஓரம். ஓரத்த டெஸ்ட் பண்றப்ப வெறும் ட்ரேல தண்ணி ஊத்திப் பார்த்துட்டு "ஒழுகலையே"ன்னு போயிடுறாங்க. ஒரு ஆள் ட்ரேல நிக்கணும், இன்னொரு ஆள் மக்குல ஓரமா ஊத்தணும். வெயிட் ஏறுனாதான் அந்த இடுக்கு வாயத் திறக்கும்.

அப்புறம் கழட்டுறது. பழைய சிலிகான கத்தியால அறுத்துடுங்க. ட்ரே உதடு டைல்ஸுக்குப் பின்னாடி போகும், அதனால கீழ் வரிசை டைல்ஸ உடைச்சுத்தான் ஆகணும், மனச தேத்திக்கோங்க. ட்ரெய்ன கழட்டிட்டு ரெண்டு பேரா தூக்குங்க. எங்களோடதுல அடியில நாலு மூலைல மட்டும் கொஞ்சம் சிமெண்ட் உருண்டை, நடுவுல வெறும் காத்து. வளையாம என்ன செய்யும்?

ட்ரே அடில மயிரிழை விரிசல் இருந்தா எம்-சீல அப்பாதீங்க. அது ஒட்டுனது ஒட்டுனபடி கல்லா நிக்கும், ட்ரே கொஞ்சம் அசைஞ்சாலும் பேந்துடும். நம்ம ஊர்ல அதுக்கு நல்ல வழி இருக்கு, தேங்காய்த்திட்டு துறைமுகம் பக்கமோ கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) பக்கமோ ஃபைபர் போட் ஒட்டுறவங்கள புடிங்க. அடிப்பக்கத்த உப்புத்தாள் போட்டு சொரசொரப்பாக்கி, மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வச்சு ரெசின் (இறுகுற பிசின்) பூசுனா ஆச்சு. நீங்களே பண்றதா இருந்தா ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, கோபால்ட்ட (இறுகுறத வேகப்படுத்துறது) முதல்ல ரெசின்ல நல்லா கலக்கிட்டு அப்புறம்தான் கேட்டலிஸ்ட் (ரெசின இறுக வைக்கிறது). அது ரெண்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு ஊத்துனா தீப்புடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

இப்ப கலவை. சிமெண்ட் ஒண்ணு, எம்-சாண்ட் நாலு, கையில புடிச்சா கொழுக்கட்டை மாதிரி நிக்கணும். தரையில சமமா நிரவிடாதீங்க, அங்கங்க குவியலா போடுங்க, ட்ரேய அழுத்தும்போது அது தானா பரவி இடுக்கெல்லாம் ரொம்பும். ட்ராப்ப சுத்தி ஒரு சாண் அளவு காலியா விட்டுடுங்க. கலவை மேல ஒரு பாலிதீன் ஷீட் விரிச்சா பின்னாடி எப்பவாச்சும் எடுக்க சுலபம். ரசமட்டத்த ட்ரே நடுவுல வைக்காதீங்க, அங்க வாட்டம் ஏற்கனவே இருக்கும், நாலு பக்க விளிம்புலதான் வைக்கணும். ரெண்டு நாளைக்கு யாரும் ஏறக் கூடாது.

ட்ரெய்ன் வாஷர்ல கொஞ்சம் நிதானமா இருங்க, என்ன ரொம்ப சுத்த விட்டது இதுதான். பாக்கெட்ல மூணு துண்டு வரும். ட்ரே அடில ஒட்டுற மாதிரி ரப்பர் வாஷர், அதுக்குக் கீழ பேப்பர் மாதிரி மெல்லிசா ஒண்ணு, கடைசியா நட்டு. பேப்பர் வாஷர் எதுக்குன்னு தூக்கிப் போட்டுட்டா நட்டு திரும்பும்போது ரப்பரையும் சேர்த்து முறுக்கிடும், ஒரு பக்கம் மடிஞ்சு நிக்கும், எவ்ளோ டைட் வச்சாலும் அங்கேருந்து சொட்டும். ட்ரேக்கு மேல உக்கார்ற ட்ரெய்ன் வாய்க்கு அடியில சிலிகான் போதும். புட்டி வேணாம், சில புட்டில இருக்குற எண்ணெய் அக்ரிலிக்க கெடுத்துடும்.

கீழ் வரிசை டைல்ஸ் ஒட்டி காஞ்சதும் ஓரத்துக்கு சிலிகான். நியூட்ரல்னு கேட்டு வாங்குங்க, அதுலயும் பூஞ்சை புடிக்காத சானிட்டரி வகை. வினிகர் வாடை அடிக்கிறது சிமெண்ட் பரப்புல சரியா புடிக்காது. ஒயிட் சிமெண்ட்ட அந்த மூலைக்கு கிட்டவே கொண்டு போகாதீங்க. இழுக்குறதுக்கு முன்னாடி 20 லிட்டர் தண்ணி கேன் மூணு நாலு ட்ரேல ஏத்திடுங்க, சிலிகான் இறுகுற வரைக்கும், அதாவது ஒரு நாள் முழுசா, அப்படியே இருக்கட்டும்.

அப்டேட்: ட்ரேய எடுக்காம ஓட்டை போட்டு கேன் ஃபோம் (டப்பாலேருந்து அடிச்சா நுரையா ஊதி இறுகுறது) அடிக்கலாமான்னு கேக்குறீங்க. எனக்குப் புடிக்கல. அது ஊதி ட்ரேய மேல தள்ளிடும், அப்புறம் வாட்டமே மாறிப் போய் தண்ணி மூலைல தேங்கும். கீழேயிருந்து கை போற வழி இருந்தா கலவையையே திணிங்க.

இன்னொரு அப்டேட்: ஐப்பசி, கார்த்திகைல வேலைய எடுத்தவங்களுக்கு சிலிகான் ஒட்டாம உரியுதாம். காத்து ஈரம் சிலிகானுக்கு பிரச்சினை இல்ல, அது இறுகுறதே அந்த ஈரத்துலதான். டைல்ஸுக்குப் பின்னாடி செவுத்துல ஊறி நிக்கிற தண்ணிதான் வில்லன். டைல்ஸ உடைச்சதும் டேபிள் ஃபேன் வச்சு செவுர நல்லா காய விட்டுட்டு அப்புறம் மேல வேலையப் பாருங்க.