எம்ஜிபி காரில் ஓவர்டிரைவ் மாற்றுவது எப்படி? முதல் முறை செய்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் என்3 நெடுஞ்சாலையில் பழைய எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டுபவர்களுக்கு ஓவர்டிரைவின் அருமை தெரியும். நாலாவது கியரில் 120 கி.மீ. வேகம் என்றால் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 4,150 சுற்று சுற்றும். ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டினால் அது 3,400-க்கு இறங்கும். பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேசலாம்.

1968 முதல் 1980 வரை வந்த வண்டிகளில் இருப்பது லேகாக் கம்பெனியின் எல்ஹெச் வகை. இந்தப் பதிவு அதற்குத்தான். கியர்பாக்ஸின் பின்னால் ஒட்டியிருக்கும் இந்தப் பெட்டிக்குள் கோள் பல்சக்கரங்களும், கூம்பு வடிவ கிளட்ச் ஒன்றும், சின்ன ஆயில் பம்ப்பும் இருக்கின்றன. சொலினாய்ட் (மின்காந்த) வால்வு இயங்கியதும் ஆயில் அழுத்தம் கூம்பை முன்னால் தள்ளி நடுச்சக்கரத்தை நிறுத்தி வைக்கும். அப்போது வெளியேறும் தண்டு உள்ளே வரும் தண்டைவிட வேகமாகச் சுற்றும். இவ்வளவுதான் சூட்சுமம்.

முதலில், அது உண்மையிலேயே செத்துவிட்டதா?

எம்ஜிபியில் கியர்பாக்ஸை மட்டும் அடியிலிருந்து இறக்க முடியாது. என்ஜினோடு சேர்த்து மேலே தூக்கித்தான் எடுக்க வேண்டும். அதனால் ஒரு ஒயருக்காக என்ஜினைக் கழற்றிய கதை உங்களுடையதாக வேண்டாம். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பழைய பிரிட்டிஷ் வண்டிகளைப் பார்க்கும் பெரியவர் ஒருவர், யார் ஓவர்டிரைவ் என்று வந்து நின்றாலும் ஒரே பதில்தான் சொல்வார்: “தம்பி, முதல்ல ஒயரப் பாரு.”

என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, நாலாவது கியரில் வைத்து, சுவிட்சைத் தட்டுங்கள். அடியில் ‘டக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையா? பேட்டரியிலிருந்து சொலினாய்ட் ஒயருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். இப்போது கேட்டால் உங்கள் பெட்டி நன்றாகவே இருக்கிறது. கோளாறு ஒயரிலோ, சுவிட்சிலோ, கீழ் கியர்களில் ஓவர்டிரைவைத் தடுக்கக் கியர்பாக்ஸில் இருக்கும் இன்ஹிபிட்டர் சுவிட்சிலோ இருக்கும். நம் கடற்கரை உப்புக் காற்றில் கனெக்டர்கள் பச்சை பூத்துப் போவது சகஜம்.

‘டக்’ கேட்டும் வேலை செய்யாவிட்டால் ஆயில் அளவைப் பாருங்கள். கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே ஆயில்தான். அடுத்து, பெட்டியின் அடியில் உள்ள தகட்டைக் கழற்றி வலை ஃபில்டரையும் காந்தங்களையும் துடையுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். உலோகச் செதில்கள் மின்னினால், ஃபில்டரைத் துடைப்பதோடு வேலை முடியாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சுவிட்சை அணைத்தும் ஓவர்டிரைவ் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் வண்டியை ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் நொறுங்கிவிடும். டிரைவ்வேயிலிருந்து கையால் பின்பக்கமாகத் தள்ளி வெளியே எடுப்பதும் அதே கெடுதலைத்தான் செய்யும்.

மாற்றுப் பெட்டி வாங்கும்போது

எல்ஹெச்சில் கறுப்பு லேபிள், நீல லேபிள் என்று இரண்டு உண்டு. 1970-களின் நடுவில்தான் நீலம் வந்தது. இரண்டிலும் ஸ்பீடோமீட்டர் கியர் வேறு. மாற்றிப் போட்டால் வண்டி ஓடும், ஆனால் முள் பொய் சொல்லும். உங்கள் பழைய லேபிளின் நிறத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அப்படியே ஒரு கிளட்ச் செட்டும் ஆர்டர் செய்யுங்கள். என்ஜின் வெளியே இருக்கும்போது கிளட்சை மாற்றாமல் விடுவது சிக்கனம் ஆகாது.

கழற்றுவது

பேட்டரியைப் பிரியுங்கள். கூலன்ட், என்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில் மூன்றையும் வடியுங்கள். பானெட், ரேடியேட்டர், ஆயில் கூலர் குழாய்கள், எக்ஸாஸ்ட் பைப், ஒயர்கள், ஸ்பீடோமீட்டர் கேபிள், கியர் லீவர் எல்லாம் வரிசையாகக் கழன்று வரட்டும். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரின் ஹோஸைப் பிரிக்க வேண்டாம், சிலிண்டரை மட்டும் கழற்றிக் கம்பியால் ஓரமாகக் கட்டுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் இணையும் இரண்டு ஃபிளாஞ்சுகளிலும் (வட்டத் தகடுகள்) குறுக்கே ஒரு கோடு கீறிவிட்டுப் பிரித்தால் திரும்ப அதே இடத்தில் பொருத்தலாம். இல்லாவிட்டால் அதிர்வு வரலாம்.

என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து சுமார் 200 கிலோ. கையால் அடிக்கும் ஹைட்ராலிக் ஹாய்ஸ்ட்டை (என்ஜின் தூக்கி) வாடகைக்கு எடுத்து ஒரு பக்கியில் (பிக்கப் வண்டி) கொண்டுவந்துவிடுங்கள். லோட் ஷெட்டிங் வந்தாலும் கவலையில்லை. கீழே குனிந்து வேலை செய்யும்போது வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கில் அல்ல. பின்பக்க கிராஸ்மெம்பரை (குறுக்குச் சட்டம்) கழற்றும் முன் கியர்பாக்ஸுக்கு ஒரு முட்டுக் கொடுங்கள். வெளியே எடுக்கும்போது கியர்பாக்ஸ் வால் நன்றாகத் தாழ்ந்து, என்ஜின் நன்றாகச் சாய்ந்து வரும். ஒருவர் ஹாய்ஸ்ட்டையும் இன்னொருவர் வாலையும் பார்த்துக்கொண்டால் பெயின்ட் தப்பும்.

பொருத்துவது: இங்கேதான் பொறுமை

கியர்பாக்ஸை என்ஜினிலிருந்து பிரித்து, பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவ ஓடு) கீழே இருக்குமாறு உயரமான மரக்கட்டைகள் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். பழைய பெட்டியின் சுற்று நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி மேலே தூக்குங்கள். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது ஒரு துணுக்கும் உள்ளே விழக்கூடாது. புதிய கேஸ்கெட்டைச் சுற்றிச் சிலிக்கோனைத் தடிமனாகப் பூச வேண்டாம். பிதுங்கிய துண்டு நேராக ஃபில்டருக்குத்தான் போகும்.

புதிய பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு ஸ்பிளைன் (உட்புறம் பல் உள்ள) வளையங்கள் தெரியும். மேலே இருப்பது கோள் சக்கரங்களின் தாங்கி, கீழே இருப்பது ஒருவழி கிளட்ச். நீண்ட மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் கீழ் வளையத்தை இடஞ்சுழியாக நகர்த்தி இரண்டின் பற்களையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவாருங்கள். அதன் பிறகு பின் ஃபிளாஞ்சைத் தொடக்கூடாது. தொட்டால் வரிசை கலைந்துவிடும்.

கியர்பாக்ஸ் தண்டில் பம்ப்பை இயக்கும் கேம் (ஒரு பக்கம் மேடான வளையம்) இருக்கிறது. அதன் மேடான பக்கம் கியர்பாக்ஸின் மேல்மூடிப் பக்கமும், தாழ்ந்த பக்கம் பம்ப் உருளைப் பக்கமும் இருக்கட்டும். கியர்பாக்ஸை ஏதாவது ஒரு கியரில் போடுங்கள். ஒருவர் பெட்டியை நேராக இறக்க, இன்னொருவர் பெல் ஹவுசிங்கின் அடியில் கை விட்டு முன் தண்டை மெதுவாகத் திருப்ப வேண்டும். பற்கள் சேர்ந்ததும் பெட்டி தன் எடையிலேயே இறங்கும், பசுமாடு தொழுவத்துக்குள் போவது மாதிரி, தள்ள வேண்டியதில்லை. இடைவெளி விட்டு நின்றால் நட்டைப் போட்டு இழுக்காதீர்கள். தூக்கி, பற்களை மறுபடி சேர்த்து, மறுபடி இறக்குங்கள். ஸ்பேனரால் இழுத்து மூடியவர்கள் காதில் விழும் உடைசல் சத்தத்துக்குப் பணம் நிறைய ஆகும்.

புதிய கிளட்சை மாட்டி என்ஜினோடு சேர்த்து, கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். இன்ஹிபிட்டர் ஒயரை என்ஜின் உள்ளே இறங்கும் முன்பே பொருத்திச் சோதித்துவிடுங்கள். பிறகு கை போகாது.

ஆயில்

20டபிள்யூ-50 என்ஜின் ஆயில், சுமார் 3.4 லிட்டர். ஹைப்பாய்ட் கியர் ஆயிலோ, வழுக்கலைக் கூட்டும் எந்தச் சேர்ப்பானோ வேண்டாம். கூம்பு கிளட்ச் உராய்வில்தான் பிடிக்கிறது, அதை வழுக்க வைத்தால் புதுப் பெட்டியும் நழுவும். சில கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அளவை மறுபடி பாருங்கள், ஓவர்டிரைவுக்குள் ஆயில் நிறைந்ததால் குறைந்திருக்கும்.

ஆயில் சூடானதும் சமதள ரோட்டில், நாலாவது கியரில் 70 கி.மீ. வேகத்தில் சுவிட்சைத் தட்டுங்கள். சுற்று முள் ஓரிரு நொடியில் விழ வேண்டும். அணைத்ததும் ஏற வேண்டும். திரும்பி வந்து பெட்டி சேரும் விளிம்பில் ஆயில் கசிகிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள்.

பழைய பெட்டியை ஸ்கிராப்புக்குப் போட்டுவிடாதீர்கள். ரீபில்ட் செய்பவர்கள் பலர் அதை வாங்கிக்கொண்டுதான் விலையைக் குறைப்பார்கள். வெளி ஓடு உடையாமல் இருந்தால் போதும்.