பிட்வார்டனை பாஸ்கீயால் திறப்பது

சிங்கப்பூரின் மின்னிலக்க அடையாளச் செயலியான சிங்பாஸை விரல்ரேகையால் திறப்பதுபோல, கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் பிட்வார்டன் பெட்டகத்தையும் பாஸ்கீயால் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் மின்னிலக்கச் சாவி) திறக்கலாம். கணினியில் குரோம் வழியாக இணையப் பெட்டகத்துக்குள் நுழைந்து, அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், பாஸ்கீ உள்நுழைவை இயக்குங்கள். முதன்மைக் கடவுச்சொல்லைக் கேட்கும். பாஸ்கீக்குப் பெயரிடும்போது, அதைப் பெட்டகத்தின் குறியாக்கத்துக்கும் (பூட்டி அவிழ்ப்பதற்கும்) பயன்படுத்தும் தேர்வு டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். உலாவியும் பாஸ்கீ இருக்கும் சாதனமும் பிஆர்எஃப் வசதியை (பாஸ்கீயிலிருந்து ரகசிய மதிப்பு ஒன்றைப் பெறும் முறை) ஆதரிக்காவிட்டால் அந்தத் தேர்வே வராது. கணக்குக்குள் நுழைவீர்கள், பெட்டகமோ பூட்டியே கிடக்கும். பிஆர்எஃப் தரும் ரகசிய மதிப்பு இல்லாமல் அது அவிழாது, கடவுச்சொல்லைத் தட்டியே ஆகவேண்டும்.

5 பாஸ்கீ வரை சேர்க்கலாம். ஃபோனில் ஒன்று, யூபிகீ என்னும் கையடக்கப் பாதுகாப்புச் சாவியில் ஒன்று போதும். எம்ஆர்டி ரயிலில் ஃபோன் தொலைந்தாலும் தவிக்க வேண்டாம். ஆனால் பிட்வார்டனைத் திறக்கும் பாஸ்கீயை பிட்வார்டனுக்குள்ளேயே சேமித்தால், வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான்.