ரோபோ அறுவையில் டிரிப்ஸ்: மயக்க மருத்துவர்கள் சறுக்கும் இடங்கள்

போன வாரம் ரோபோ தியேட்டரில் ஒரு பிராஸ்டேட் கேஸ். மானிட்டரில் பிபிவி (நாடி அழுத்த மாறுபாடு) 16 சதவீதம் என்று வந்ததும் பிஜி மாணவரின் கை நேராக டிரிப்ஸைத் திறக்கப் போனது. "நில்லுப்பா" என்றேன். ஒரு காலத்தில் என் கையும் அங்கேதான் போனது.

வயிறு ஊதிய பின் வரும் பிபிவியை நம்புவது

வென்டிலேட்டர் மூச்சைத் தள்ளத் தள்ள, ஆர்டீரியல் லைனில் (தமனிக்குள் செருகிய மெல்லிய குழாயில்) நாடி அழுத்தம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதுதான் பிபிவி. 13 சதவீதத்தைத் தாண்டினால், ஃப்ளூயிட் கொடுத்தால் இதயம் கூடுதலாகப் பம்ப் செய்யும் என்று படிக்கிறோம். அந்தக் கணக்கு வயிற்றில் வாயு இல்லாத, கிலோவுக்கு 8 மில்லியாவது மூச்சு வாங்கும் நோயாளிக்கு உரியது. இங்கேயோ வயிற்றுக்குள் 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு, தலை 30 டிகிரி கீழே. உதரவிதானம் மேலே ஏறி மார்புக்கூடு விறைத்துவிடும். அதே மூச்சுக்கு நெஞ்சுக்குள் அழுத்தம் அதிகமாக ஏறும், நாடியும் அதிகமாக ஆடும். ரத்தக்குழாய் வற்றியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

முன்பு ஒரு கேஸில் நானே சறுக்கினேன். எனக்கு இது தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் தோன்றவில்லை. வாயு ஏற்றிய சில நிமிடங்களில் பிபிவி 9 இருந்தது 17 ஆனது. 500 மில்லி ரிங்கர் லாக்டேட் (டிரிப்ஸில் ஏற்றும் உப்புக் கரைசல்) விட்டேன். எண் அசையவில்லை. இன்னொரு 500. அசையாததே ஒரு பதில் என்று உறைக்கவில்லை. மூன்று லிட்டர் உள்ளே போயிற்று. முகத்தை மூடியிருந்த டிரேப் துணியை விலக்கினால் இமைகள் வீங்கி, வெண்விழி நுங்குபோல் பிதுங்கி, நாக்கு பல்லுக்கு வெளியே. மூச்சுக்குழாயில் போட்ட குழாயைச் சுற்றியுள்ள கஃப் என்ற சின்ன பலூனின் காற்றை இறக்கிக் காது வைத்தேன். குழாயைச் சுற்றிக் காற்று கசியும் சத்தமே இல்லை, அதாவது தொண்டையும் வீங்கியிருக்கலாம். குழாயை எடுக்கத் துணிவு வரவில்லை. இரவு முழுக்க ஐசியுவில் வென்டிலேட்டர். "ரோபோன்னா சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்னு சொன்னாங்களே சார்" என்றார் வெளியே நின்ற மகன்.

இப்போதெல்லாம் வாயு ஏற்றும் முன்னும் பின்னும் பிபிவியைக் குறித்து வைக்கிறேன். வாயுவோடு சேர்ந்து குதித்திருந்தால் அதற்காக டிரிப்ஸைத் தொடுவதில்லை. பி.பி. குறைவா? முதலில் மயக்கத்தின் ஆழத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் ரத்தக்குழாயைச் சுருக்கி பி.பி.யை ஏற்றும் ஃபினைல்எஃப்ரின் கொஞ்சம். அப்புறமும் சந்தேகமென்றால் ஒரு நிமிடத்தில் 100 மில்லி விட்டு ஸ்ட்ரோக் வால்யூம் (ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தம்) ஏறுகிறதா என்று பார்ப்பேன். ஏறவில்லையா, அத்தோடு சரி. மும்பை டாடா மெமோரியல் குழு 2017-ல் சொன்ன வழியும் உண்டு: மூச்சளவை ஒரு நிமிடம் கிலோவுக்கு 6-லிருந்து 8 மில்லிக்கு உயர்த்தி, பிபிவி 3.5 புள்ளியாவது கூடுகிறதா என்று பார்ப்பது. அது ஐசியு நோயாளிகளிடம் பார்த்தது. ரோபோ மேசையில் நான் அதை ஒரு துப்பாக மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

டிரான்ஸ்டியூசரைக் கம்பத்திலேயே விடுவது

பி.பி.யை அளக்கும் டிரான்ஸ்டியூசர் கருவி இதய மட்டத்தில் இருக்க வேண்டும். தலை இறங்கினால் இதயமும் இறங்கும், அதை மாட்டிய கம்பம் இறங்காது. 10 செ.மீ. வித்தியாசத்துக்கு பி.பி. 7 மி.மீ.க்கு மேல் குறைத்துக் காட்டும். சாய்த்ததும் மட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

சிவிபி

இதயத்துக்கு அருகே உள்ள பெருஞ்சிரையின் அழுத்தம் இது. தலைகீழாகக் கிடந்தால் யாருக்கும் ஏறும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் பிபிவி

இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நிலை இது. பிபிவியைப் பார்க்கவே வேண்டாம்.

காலைத் தூக்கிப் பார்ப்பது

ஃப்ளூயிட் பலன் தருமா என்று அறியக் காலைத் தூக்கிப் பார்ப்பதுண்டு. ரோபோ டாக் ஆன (அதன் கைகளை நோயாளியோடு இணைத்த) பிறகா? கால் ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது.

மூத்திரம் வரவில்லை என்று ஊற்றுவது

சிறுநீர்ப்பையின் கழுத்தைத் திறந்த பிறகு மூத்திரம் வயிற்றுக்குள் போய், சர்ஜனின் சக்‌ஷனில் வெளியேறும். யூரின் பேக் காலியாகத்தான் இருக்கும். போதாததற்கு வாயு அழுத்தத்தில் சிறுநீரகமும் சுணங்கும். இதற்காக நீங்கள் ஊற்றினால், அவர் தையல் போடும் இடத்தில் குளம் கட்டும். அப்போது சர்ஜன் உட்கார்ந்து ரோபோவை இயக்கும் கன்சோலிலிருந்து வரும் வசவை இங்கே எழுத முடியாது.