முயல் குட்டி நொண்டினால் காலைப் பிடித்து இழுக்காதீர்கள்

எங்கள் மூன்று மாதக் குட்டி ஒரு நாள் காலை வலது பின்னங்காலை ஊன்றாமல் தத்தித் தத்தி வந்தது. பதறிப்போய் மடியில் மல்லாத்திப் போட்டு, காலை நீட்டி மடக்கிப் பார்த்தேன். அது வெறிகொண்டு உதறியது. அப்போது நான் செய்தது எவ்வளவு பெரிய தவறு என்பது மருத்துவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. முயலின் எடையில் சுமார் 8 சதவீதம்தான் எலும்பு. பின்னங்கால் தசைகளோ வலுவானவை. பிடி சரியில்லாதபோது உதறினால் அதன் முதுகெலும்பே முறிந்துவிடலாம். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு கை நெஞ்சுக்கு அடியிலும் இன்னொரு கை பின்புறத்துக்கு அடியிலும் இருக்கட்டும்.

முதலில் வழுக்காத விரிப்பில் விட்டு, தள்ளி நின்று பாருங்கள். எந்தக் கால், எப்போதும் நொண்டுகிறதா, காலை ஊன்றுகிறதா, தொங்கவிடுகிறதா? இரண்டு பின்னங்கால்களையும் இழுத்துக்கொண்டு போனால் தாமதிக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

‘கத்தவில்லையே, வலி இருக்காது’ என்று நினைப்பது அடுத்த தவறு. முயல் வலியை மறைக்கும் பிராணி. மூலையில் முடங்குவது, பல்லை நறநறவென்று கடிப்பது, புல்லைத் தொடாமலிருப்பது, இவைதான் அதன் அழுகை. கூண்டில் புழுக்கை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அரை நாள் சாப்பிடாவிட்டால் குடல் இயக்கம் நின்றுவிடும் ஆபத்து உண்டு; நொண்டலைவிட அவசரமானது அது.

வீட்டு வைத்தியத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. சுளுக்கு என்று தைலம் தேய்த்து நீவினால், முறிந்த எலும்பு மேலும் விலகும். தைலத்தையும் முயல் நக்கிவிடும். நமக்கு வாங்கிய வலி மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து வேண்டவே வேண்டாம்: வாய்வழி கொடுத்தால் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்து உயிரையே பறிக்கும். எலும்பு வளரட்டும் என்று கால்சியம் சிரப்பும் கூடாது. மிகுதியான கால்சியம் சிறுநீரில் போய் சிறுநீர்ப்பையில் கசடாகத் தேங்கும்.

‘இரண்டு நாள் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். குட்டியின் எலும்பு சீக்கிரம் கூடும். கோணலாக இருந்தால் கோணலாகவே கூடிவிடும். முயல் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரா என்று முன்பே கேளுங்கள். வளரும் வயதில் மூட்டருகே உள்ள வளர்ச்சிப் பகுதி எக்ஸ்ரேயில் முறிவுக் கோடுபோலத் தெரியும். நல்ல காலையும் எடுத்து ஒப்பிட்டால் குழப்பம் தீரும். மயக்க மருந்து கொடுப்பதற்காகப் பட்டினி போடவும் தேவையில்லை, முயலால் வாந்தி எடுக்க முடியாது.

காலை மட்டுமே பார்த்துவிட்டுத் தரையை மறப்பவர்கள் பலர். முயலுக்கு உள்ளங்காலில் நாய், பூனைக்கு இருப்பதுபோன்ற மெத்தைச் சதை கிடையாது, ரோமம்தான். கம்பிவலைக் கூண்டில் அது தேய்ந்து புண்ணாகும். டைல்ஸ் தரையில் வழுக்கி வழுக்கி இளங்கால்கள் பக்கவாட்டில் விரிந்துபோவதும் உண்டு.

எங்கள் குட்டிக்கு முறிவு இல்லை. மருத்துவர் விரலிடுக்கின் ரோமத்தை விலக்கிக் காட்டினார்: நகம் வேரோடு பாதி பிய்ந்து, உலர்ந்த ரத்தம் ரோமத்தோடு ஒட்டியிருந்தது. அதில் ஒரு சணல் இழை சிக்கியிருந்தது. மெத்தென்று இருக்கட்டும் என நான்தான் அதன் கூண்டில் பழைய கோணிச் சாக்கை விரித்திருந்தேன்.