தரையில் தம் கட்டி நடப்பது: ஃப்ரீடைவிங் பழகுவோருக்கு ஒரு செய்முறை

ஃப்ரீடைவிங் பழக ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை நிமிஷம் மூச்சை அடக்க முடியணும்?" என்பதுதான். சிலிண்டர் இல்லாமல் ஒரே மூச்சில் கீழே போய்த் திரும்பும் விளையாட்டு என்பதால் அப்படிக் கேட்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் தொடக்கத்தில் நிமிஷக் கணக்கைவிட முக்கியமானது வேறு ஒன்று. மூச்சு எடுத்தே ஆகவேண்டும் என்ற தவிப்பு வரும்போது உடம்பையும் மனதையும் பதறாமல் வைத்திருக்கத் தெரியவேண்டும். அதைத் தண்ணீருக்கு வெளியே, உலர்ந்த தரையிலேயே பழகலாம். மூச்சை அடக்கிக்கொண்டு மெதுவாக நடப்பது அதற்கு நல்ல வழி.

மொரீஷியஸில் இருக்கும் நமக்கு இது இன்னொரு விதத்திலும் உதவும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று வீசும்போது கிழக்குக் கரை கொந்தளிப்பாக இருக்கும். நவம்பருக்குப் பிறகு புயல் காலம். எச்சரிக்கை விட்டுவிட்டால் கடல் பக்கமே போக முடியாது. அந்த நாட்களிலும் பயிற்சி விட்டுப்போகாமல் இருக்க ஒரு புல்தரை போதும்.

தவிப்பு எங்கிருந்து வருகிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். மூச்சை அடக்கும்போது வரும் தவிப்புக்குக் காரணம் ஆக்ஸிஜன் தீர்ந்துபோனது அல்ல. இரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதை மூளை கவனித்து, "மூச்சு எடு" என்று உத்தரவு போடுகிறது. முதலில் தொண்டை இறுகும், நெஞ்சில் சூடு தெரியும். அதையும் தாண்டினால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை தானாகத் துள்ளும். வயிறு விக்கல் போல உதறும். அந்த நேரத்தில் பெரும்பாலும் உடம்பில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது.

நடக்கும்போது தொடைத் தசைகள் வேலை செய்வதால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிட ஆக்ஸிஜன் வேகமாகச் செலவாகும், கரியமில வாயுவும் வேகமாக ஏறும். நீருக்கடியில் காலை அசைத்துக்கொண்டே போகும்போது நடப்பதும் இதுதான். ஆக, கட்டிலில் படுத்து மூச்சை அடக்குவதைவிட இது கடலுக்கு நெருக்கமான பயிற்சி. ஒரு வித்தியாசம் உண்டு. முகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் நாடித்துடிப்பு நன்றாகக் குறையும். தரையில் அந்த உதவி கிடைக்காது. நடக்கத் தொடங்கியதும் நெஞ்சு படபடப்பதாகத் தெரிந்தால் கவலை வேண்டாம்.

முதலில், யார் செய்யக்கூடாது

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், வலிப்பு, கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைச் செய்யவேண்டாம். மற்றவர்களும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் பத்து நாளும் இந்தப் பயிற்சி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு வேளை உணவும் குறைந்த நீருமாக இருக்கும் உடம்பு தலைசுற்றலுக்குத் தயாராகவே இருக்கும்.

படி 1: இடமும் துணையும்

விழுந்தாலும் அடிபடாத சமதரை வேண்டும். மோன் ஷுவாஸியில் சவுக்கு மரங்களுக்கு நடுவே இருக்கும் புல்வெளி இதற்கு அருமையான இடம். 1933இல் இங்கிருந்து ரியூனியனுக்கு முதல் விமானம் கிளம்பியது அந்தத் திடலில்தான். அவ்வளவு மட்டமான தரை. ஃபிளிக் அன் ஃபிளாக் கடற்கரையும் நீளமானதுதான், ஆனால் இறுகிய மணலாகப் பார்த்து நடங்கள். சவுக்கு மரத்தடியில் வேரும் முள் போன்ற காய்களும் கிடக்கும், செருப்போ ஷூவோ இல்லாமல் நடக்கவேண்டாம். ரோஸ் ஹில், கியூர்பிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஊர்க் கால்பந்து மைதானமே போதும். சாலையோரம், மாடி, சிமெண்ட் தரை, நீச்சல் குளத்தின் விளிம்பு, அலை தொடும் ஈரமணல் இவை எல்லாம் கூடாது.

தனியாகச் செய்யாதீர்கள். தரைதானே என்று பலர் இதில் அலட்சியமாக இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிக்க இறங்கியவரின் கயிற்றைப் படகில் ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கண் வேறு பக்கம் போகாது. உங்கள் துணையும் அப்படி இருக்கவேண்டும். நீங்கள் மூச்சை அடக்கி நடக்கும்போது அவர் சாதாரணமாக மூச்சு விட்டபடி, கை எட்டும் தூரத்தில், அரையடி பின்தங்கிப் பக்கவாட்டில் வரவேண்டும். கையில் போன் கூடாது. இருவரும் சேர்ந்து ஒரே நேரத்தில் மூச்சை அடக்கவும் கூடாது. அண்ணன் நடந்தால் தம்பி பார்க்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: மூச்சைத் தயார் செய்வது

சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். வெயிலில் செய்யாதீர்கள், கோடையில் அதிகாலைதான் சரி. பத்து நிமிஷம் சும்மா நடந்து உடம்பைச் சூடாக்குங்கள்.

பிறகு நின்றபடியே இரண்டு நிமிஷம் வயிற்றால் அமைதியாக மூச்சு விடுங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். தோள் இறங்கட்டும், தாடை தளரட்டும். கடைசியில் முழுதாக ஒரு மூச்சை விட்டு, வயிறு, விலா, நெஞ்சு என்று கீழிருந்து மேலே நிறையும்படி ஒரு மூச்சு இழுத்து நிறுத்துங்கள். நெஞ்சு வெடிக்கும்படி திணிக்கவேண்டாம், அது இறுக்கத்தைத்தான் கொடுக்கும்.

வேகவேகமாக, ஆழமாகப் பலமுறை மூச்சு வாங்கிவிட்டு அடக்குவது கூடவே கூடாது. அப்படிச் செய்தால் நிறைய தூரம் போக முடிகிறது என்பார்கள். உண்மையில் அதனால் ஆக்ஸிஜன் குறிப்பிடும்படி கூடுவதில்லை; கரியமில வாயு மட்டும் குறைந்துவிடுகிறது. எச்சரிக்கை மணி தாமதமாக அடிக்கும், அல்லது அடிக்காமலே ஆள் மயங்கி விழுவார். விரல் மரத்தாலோ உதடு குறுகுறுத்தாலோ அளவுக்கு மீறி மூச்சு விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். சாதாரண மூச்சுக்குத் திரும்பி, சில நிமிஷம் கழித்து மீண்டும் தொடங்குங்கள்.

படி 3: முதல் நடை

மூச்சை நிறுத்தியதும் மெதுவாக நடக்கத் தொடங்குங்கள், நொடிக்கு ஒரு காலடி என்ற கணக்கில். பார்வை ஐந்தாறு மீட்டர் முன்னால் தரையில் இருக்கட்டும். கை முஷ்டி மூடியிருக்கிறதா, தோள் ஏறியிருக்கிறதா என்று உடம்பைக் கவனித்துக்கொண்டே போங்கள். அடிகளைத் துணை எண்ணட்டும்.

தெளிவான முதல் தவிப்பு வந்ததும் நில்லுங்கள். வயிறு துள்ளும்வரை போகவேண்டாம். முதல் மாதம் முழுவதும் இதுவே எல்லை. நன்றாகப் பழகிய வீரர்கள் ஒரு நிமிஷம் அசையாமல் மூச்சை அடக்கிவிட்டு, அதே மூச்சில் 400 மீட்டரை நெருங்கும் அளவுக்கு நடப்பதுண்டு. அது பல ஆண்டுப் பயிற்சியின் பலன். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு திடலில் இறங்காதீர்கள்.

படி 4: நின்றதும் மூச்சு எடுக்கும் விதம்

நம் ஆட்கள் அதிகம் விட்டுவிடும் படி இது. நின்றவுடன் 'புஸ்' என்று எல்லாக் காற்றையும் வெளியே தள்ளக்கூடாது. கொஞ்சமாக விடுங்கள், உடனே வேகமாக நிறைய இழுங்கள், ஒரு நொடி வைத்திருங்கள், மறுபடி கொஞ்சமாக விடுங்கள். இப்படி ஐந்தாறு முறை. இழுக்கும் மூச்சுதான் முக்கியம். பத்து அடி நடந்தாலும் நூறு அடி நடந்தாலும், ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். பின்னாளில் கடலிலிருந்து தலை வெளியே வரும் அந்தச் சில நொடிகளில் யோசிக்க நேரம் இருக்காது. பழகிய உடம்பு தானே செய்யவேண்டும்.

மூச்சு எடுத்ததும் துணையின் முகத்தைப் பார்த்து, "நல்லா இருக்கேன்" என்று வாயால் சொல்லுங்கள். அவரும் முப்பது நொடி உங்களை விட்டு நகரக்கூடாது. மயக்கம் சில சமயம் மூச்சு எடுத்த பிறகும் வரும்.

படி 5: ஒரு நாள் பயிற்சியின் அமைப்பு

முதல் நடையில் 40 காலடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கு அதில் 60 சதவீதம், அதாவது 24 அடி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 24 அடியை ஆறு முறை நடக்கவேண்டும், நடுவே இரண்டிரண்டு நிமிஷம் ஓய்வு. இரண்டு மூன்று நடைக்குப் பிறகு சுலபமாகத் தெரியும். மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை இரத்தத்தில் விடுவது அதற்கு ஒரு காரணம்.

இரண்டு வாரம் இப்படிப் போகட்டும். அதன் பிறகு தூரத்தைக் கூட்டாமல் ஓய்வைக் குறையுங்கள்: 2 நிமிஷம், 1:45, 1:30, 1:15, கடைசியாக 1 நிமிஷம். கரியமில வாயு முழுதாக வெளியேறும் முன்பே அடுத்த நடை தொடங்குவதால் தவிப்பு சீக்கிரம் வரும். அந்தத் தவிப்போடு தோளை இறக்கி, முகத்தைத் தளர்த்தி நடக்கப் பழகுவதற்குத்தான் இந்த ஏற்பாடு. தூரத்தை வாரத்துக்கு நான்கைந்து அடிக்கு மேல் கூட்டாதீர்கள்.

இன்னும் பழகிய பிறகு, மூச்சை நிறுத்தி 15 நொடி அசையாமல் நின்றுவிட்டு நடக்கலாம், அப்புறம் 30 நொடி. உட்கார்ந்து அடக்கிவிட்டு எழுந்து நடக்கவேண்டாம். எழும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றும்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். கடலில் இறங்கும் நாளில் இது வேண்டாம்.

மயங்கி விழுந்தால்

பார்வை குறுகுவது, காது அடைப்பது, கால் தள்ளாடுவது, உதடு நீலமாவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் துணை உடனே நிறுத்திப் பிடித்துக்கொள்ளவேண்டும். விழுந்துவிட்டால் தலையைக் காப்பாற்றிப் படுக்க வைத்து, தாடையை நிமிர்த்தி, கன்னத்தைத் தட்டி, பெயர் சொல்லி "மூச்சு எடு" என்று சொல்லுங்கள். தரையில் பெரும்பாலும் சில நொடிகளில் மூச்சு திரும்பிவிடும். திரும்பாவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 114 அழைத்து, முதலுதவி தொடங்குங்கள். திரும்பினாலும் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது.

தரையிலிருந்து கடலுக்கு

"லகூனில் இடுப்பளவு தண்ணிதானே, அங்கேயே தனியா முயற்சி பண்ணிப் பார்க்கலாமே" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டவே வேண்டாம். தரையில் மயங்கினால் மூச்சு திரும்பும்போது உள்ளே போவது காற்று. முழங்கால் ஆழத்திலும் முகம் கவிழ்ந்திருந்தால் உள்ளே போவது நீர்.

ஆழத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கே நுரையீரலில் ஆக்ஸிஜன் போதுமான அழுத்தத்தோடு இருப்பதால் சௌகரியமாகத் தெரியும். மேலே வர வர அந்த அழுத்தம் பாதியாகிறது, கடைசிச் சில மீட்டரில்தான் மயக்கம் வருகிறது. இதை எந்தத் திடலிலும் பழக முடியாது. ஐடா (AIDA) போன்ற சர்வதேச ஃப்ரீடைவிங் அமைப்புகளின் சான்று பெற்ற பயிற்றுநரிடம் அடிப்படை வகுப்பு படித்த பிறகே கடலில் இறங்குங்கள்.

அதுவரை ஒரு நோட்டு வைத்து, தேதி, ஓய்வு நேரம், எத்தனையாவது அடியில் தவிப்பு வந்தது, எங்கே இறுகியது என்று குறித்து வாருங்கள். தூக்கம் குறைந்த நாளையும் எழுதுங்கள், அன்று அளவு குறைந்திருப்பது தெரியும். முதல் வகுப்புக்குப் போகும்போது அந்த நோட்டைப் பயிற்றுநரிடம் கொடுங்கள். உங்களை எங்கிருந்து தொடங்க வைக்கலாம் என்பதை அவர் அதில் பார்த்துக்கொள்வார்.