விம் ஸ்கிரிப்ட்டில் கடைசி உருப்படியைக் கண்டுபிடிக்கும்போது வரும் தவறுகள்

விம் என்ற உரைத் தொகுப்பானின் ஸ்கிரிப்ட் மொழியில், ஒரு லிஸ்ட்டில் உள்ளதையெல்லாம் காற்புள்ளி போட்டு எழுத வேண்டும், கடைசி உருப்படிக்குப் பின்னால் மட்டும் காற்புள்ளி வரக் கூடாது. தரவை எழுதி வைக்கும் ஜேசன் (JSON) கோப்பில் அப்படி ஒன்று மிஞ்சினாலே பிழை.

பலரும் முதலில் செய்வது, லூப்பில், அதாவது உருப்படிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் சுற்றில், கையில் இருக்கும் மதிப்பை லிஸ்ட்டின் மைனஸ் 1-ஆம் இடத்து மதிப்போடு ஒப்பிடுவது. விம்மில் மைனஸ் 1 என்றால் கடைசி இடம். சோதித்துப் பார்த்தால் சரியாகவே ஓடும். ஆனால் சிவப்பு, பச்சை, சிவப்பு என்று லிஸ்ட் வந்தால் முதல் சிவப்பையே கடைசி என்று எடுத்துக்கொள்ளும். இண்டெக்ஸ் ஃபங்ஷனாலும் பயனில்லை, அது முதலில் பொருந்தும் இடத்தைத்தான் தரும். போதாக்குறைக்கு, பழைய விம் ஸ்கிரிப்ட்டில் ஒப்பிடப் பயன்படும் இரட்டைச் சமக்குறி (==) இக்னோர்கேஸ் அமைப்புக்குக் கட்டுப்பட்டது. அது இயக்கத்தில் இருந்தால் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். சமக்குறிகளை ஒட்டி ஒரு ஹேஷ் (==#) போட்டால் இந்தத் தொல்லை தீரும்.

ஆகவே இடத்தை எண்ணுங்கள். எண்ணிக்கை 0-வில் தொடங்குவதால் 5 உருப்படிகளில் கடைசியின் எண் 4. உருப்படிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் லென் ஃபங்ஷன் தரும் 5-ஐ அப்படியே ஒப்பிட்டால் எந்தச் சுற்றிலும் பொருந்தாது, பிழைச்செய்தியும் வராது.

என்னை அதிக நேரம் அலைக்கழித்தது வேறொன்று. வெற்று உருப்படிகளை, அடுத்த சுற்றுக்குத் தாவும் கன்டினியூ கட்டளை போட்டுத் தாண்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் லிஸ்ட்டின் கடைசி உருப்படியே வெற்றாக இருந்தது. அதற்கு முந்தையதன் காற்புள்ளி தொங்கி நின்றது. லூப்புக்குள் வடிகட்டினால் எது கடைசி என்று முன்கூட்டியே தெரியாது. முதலில் ஃபில்டர் கொண்டு வெற்றானவற்றை நீக்கி, அப்புறம் ஜாயின் கொண்டு காற்புள்ளியோடு இணைத்தால் லூப்பே வேண்டாம். ஃபில்டர் மூல லிஸ்ட்டையே மாற்றிவிடும், அதனால் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். லூப் கட்டாயம் என்றால், முதலாவதைத் தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் முன்னால் காற்புள்ளி போடுங்கள். எழுதியதில் எது முதலாவது என்பது எப்போதும் தெரியும்.

கோப்பின் வரிகளை அழிக்கும் லூப்பிலும் இதே சிக்கல் உண்டு. லூப்புக்கு வரி எண்களைத் தரும் ரேஞ்ச் ஒரே ஒரு முறைதான் கணக்கிடப்படும். 3-ஆம் வரியை அழித்ததும் 4-ஆம் வரி 3-ஆம் இடத்துக்கு ஏறிவிடும், லூப் அதைப் பார்க்காமலே 4-க்குப் போய்விடும். கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கி வந்தால், பார்க்க வேண்டிய வரிகளின் எண்கள் மாறாது.