கையில் கனடா பாஸ்போர்ட், குடித்தனம் துபாயில்: துணைவரை ஸ்பான்சர் செய்யும் முறை

கனடாவுக்கு வெளியே இருந்துகொண்டே கணவனையோ மனைவியையோ ஸ்பான்சர் செய்யும் உரிமை கனடாக் குடிமக்களுக்கு மட்டும்தான் உண்டு. பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கார்டு மட்டும் வைத்திருப்பவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தபடி விண்ணப்பிக்க முடியாது; அவர் கனடாவில் வசித்தாக வேண்டும். இதைக் கவனிக்காமல் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குடிமகனே ஆனாலும் சில தடைகள் உண்டு. உங்களையே முன்பு ஒருவர் மனைவி அல்லது கணவன் என்று ஸ்பான்சர் செய்து அழைத்திருந்தால், நீங்கள் பி.ஆர். ஆன நாளிலிருந்து 5 ஆண்டு முடிய வேண்டும். முன்பு ஸ்பான்சர் செய்த துணைவரின் செலவைப் பார்த்துக்கொள்வதாகக் கொடுத்த 3 ஆண்டு உறுதிமொழி இன்னும் ஓடிக்கொண்டிருந்தாலும் முடியாது. நீங்கள் பி.ஆர். வாங்கிக் கனடாவில் இறங்கியபோதே திருமணம் ஆகியிருந்து, அதை அப்போது சொல்லாமல் மறைத்திருந்தால் அதுதான் பெரிய சிக்கல். கனடாக் குடிவரவு விதிகளில் 117(9)(டி) விதி அந்தத் துணைவரைக் குடும்பப் பிரிவிலிருந்தே விலக்கிவிடும். அப்படிப்பட்டவர்கள் தாங்களாக பைல் போடாமல் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பார்ப்பதே நல்லது. 2015 ஜூன் முதல் வீடியோ காலில், தொலைபேசியில், பதிலாள் வைத்துச் செய்த திருமணங்களும் செல்லாது. இருவரும் நேரில் நின்றிருக்க வேண்டும்.

வருமானத்தைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். துணைவரை மட்டும் அழைக்கக் குறைந்தபட்ச வருமான வரம்பு கிடையாது. ஊனத்துக்காக அல்லாமல் வேறு காரணத்துக்கு அரசு உதவித்தொகை வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். (கியூபெக்கில் குடியேறப் போகிறவர்களுக்கு மாகாணத்தின் தனி நடைமுறை உண்டு. இங்கே சொல்வது மற்ற மாகாணங்களுக்கு.)

திரும்பிப் போவீர்களா?

ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் தம்பதிக்கு உறவை நிரூபிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. கஷ்டமானது வேறொன்று. துணைவருக்கு பி.ஆர். கிடைக்கும்போது ஸ்பான்சரும் கனடாவில் வந்து வாழப்போகிறார் என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். நூறு பக்கம் கல்யாண ஆல்பம் அனுப்புகிறவர்கள் இந்த இடத்தில் 'நாங்கள் கனடாவில் குடியேற விரும்புகிறோம்' என்று ஒரே வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். துபாயில் நல்ல சம்பளம், சொந்த ஃபிளாட், பள்ளியில் பிள்ளை என்று எல்லாம் அங்கேயே இருக்கும்போது அந்த ஒரு வரியை யார் நம்புவார்?

ஸ்பான்சர் கையெழுத்திட்டு ஒன்றரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த ஊர், யார் வீடு, எந்த மாதம், என்ன வேலை என்ற நாலுக்கும் அதில் விடை இருக்க வேண்டும். 'விசா கிடைத்த இரண்டு மாதத்துக்குள் ஸ்கார்பரோவில் என் அண்ணன் வீட்டு மேல்தளத்தில் குடியேறுவோம். துபாய் வீட்டு ஒப்பந்தம் ஜூலையில் முடிகிறது, புதுப்பிக்க மாட்டோம்' என்பது கடிதம். 'கனடா எங்கள் கனவு நாடு' என்பது கடிதம் ஆகாது.

கடிதத்தில் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தாள் இருக்கட்டும். அண்ணன் வீடு என்றால் அவர் எழுதிய கடிதமும் அந்த வீட்டின் சொத்து வரி ரசீதும். வேலை என்றால் ஆஃபர் கடிதம், அல்லது நிறுவனம் கனடாக் கிளைக்கு மாற்றுவதாகச் சொல்லும் மின்னஞ்சல். இரண்டும் இல்லையென்றால் விண்ணப்பித்த வேலைகளின் பட்டியல், இன்டர்வியூ அழைப்புகள். மாகாணத்தில் தொழில் உரிமம் வேண்டிய நர்ஸ், ஆசிரியர், இன்ஜினியர் என்றால் அந்த உரிமத்துக்கு விண்ணப்பித்த ரசீது நல்ல சான்று. கனடா வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பிய விவரம், சாமான் அனுப்பும் கம்பெனியிடம் வாங்கிய கொட்டேஷன், குழந்தைக்கான பள்ளி விசாரிப்பு ஆகியவையும் சேரும். இத்தனையும் வேண்டும் என்பதில்லை. வீடு, வேலை, இங்கிருந்து கிளம்பும் ஏற்பாடு என்ற மூன்றிலும் ஒவ்வொன்றாவது இருக்கட்டும்.

இதற்காக இப்போதே வேலையை விட்டுவிடாதீர்கள். முடிவு வர எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அறிவிக்கப்பட்ட இலக்கு பெரும்பாலும் 12 மாதம், நடப்பில் நீளும். விசா வந்ததும் நோட்டீஸ் கொடுப்பேன் என்று எழுதினாலே போதும்.

படிவங்கள், அவற்றில் மாட்டும் இடங்கள்

ஸ்பான்சர் விண்ணப்பமும் துணைவரின் பி.ஆர். விண்ணப்பமும் ஒன்றாக, கனடாக் குடிவரவுத் துறையின் இணையதளமான பி.ஆர். போர்ட்டலில் ஏற்றப்படும். ஸ்பான்சருக்கு ஐஎம்எம் 1344 என்ற எண்ணுள்ள படிவம். இருவரும் சேர்ந்து நிரப்புவது உறவு விவரப் படிவமான ஐஎம்எம் 5532. துணைவருக்கு 0008 (பொது விண்ணப்பம்), 5669 (பின்னணி விவரம்), 5406 (குடும்ப விவரம்). செக்லிஸ்ட் 5533. அந்தச் செக்லிஸ்ட்டை அச்சடித்து, ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்ததும் பேனாவால் டிக் அடியுங்கள்.

1344-இல் ஒரு கேள்வி பலருக்குப் புரிவதில்லை. உங்களுக்கு ஸ்பான்சர் தகுதி இல்லை என்று முடிவானால் விண்ணப்பத்தை வாபஸ் வாங்குவதா, மேலே நடத்துவதா என்பது அது. வாபஸ் என்று குறித்தால் ஸ்பான்சர் கட்டணம் போக மீதிப் பணம் திரும்பும், ஆனால் மேல்முறையீடு செய்ய வழியில்லை. மேலே நடத்து என்று குறித்தால், மறுக்கப்பட்டால் 30 நாளுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். வெளிநாட்டிலிருந்து போடும் பைலுக்கு இந்த உரிமை பெரிய பலம். பணத்தைப் பார்த்து அதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது பெயர். தமிழர் பாஸ்போர்ட் பலவற்றில் சர்நேம் கட்டம் காலியாக, பெயர் முழுவதும் கிவன் நேமில் இருக்கும். அப்படியிருந்தால் படிவத்தில் முழுப்பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, கிவன் நேம் கட்டத்தைக் காலியாக விடச் சொல்கிறது வழிகாட்டி. அப்பா பெயரை நீங்களாக அங்கே நிரப்பினால் பாஸ்போர்ட் ஒரு பெயரும் விசா வேறு பெயருமாக ஆகிவிடும். திருமணச் சான்றிதழில் 'கே. மாலதி' என்றும் பாஸ்போர்ட்டில் 'மாலதி கந்தசாமி' என்றும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று ஓர் அஃபிடவிட் (சத்தியப் பிரமாணப் பத்திரம்) இணையுங்கள்.

கல்ஃப் வாசிகளுக்கு இன்னொன்று: முகவரி. அங்கே எல்லாமே பி.ஓ. பாக்ஸ் எண்தான். 5669-இல் பி.ஓ. பாக்ஸ் ஏற்க மாட்டார்கள். ஃபிளாட் எண், கட்டடப் பெயர், தெரு, பகுதி என்று எழுதுங்கள். அதே படிவத்தில் கடந்த 10 ஆண்டு விவரம் மாதம் விடாமல் வர வேண்டும். கல்யாணத்துக்கு முன் நாலு மாதம் அம்மா வீட்டில் சும்மா இருந்தது, ஒரு வேலைக்கும் மறு வேலைக்கும் இடைப்பட்ட 6 வாரம், எல்லாவற்றுக்கும் 'வேலையில்லை', 'இல்லத்தரசி' என்று ஒரு வரி வேண்டும். ஒரு மாதம் விட்டுப்போனாலே பைல் திரும்பலாம்.

திருமணம், உறவு

கோயிலில் தரும் ரசீதும் தேவாலயத்துச் சான்றும் போதாது. அரசுப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். இன்னும் பதியாதவர்கள் அடுத்த விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பாளர் சான்று பெற்றவர் இல்லையென்றால் அவருடைய அஃபிடவிட்டும் வேண்டும். குடும்பத்தில் ஒருவர் ஆங்கிலம் நன்றாக எழுதுவார் என்று அவரை வைத்துச் செய்யாதீர்கள், ஏற்க மாட்டார்கள்.

சேர்ந்து வாழ்வதற்குத் துபாயில் நல்ல சான்று, கணவரின் ஸ்பான்சரில் மனைவிக்கு (அல்லது மறுபக்கம்) எடுத்த ரெசிடென்ஸ் விசா. துபாய் ரெஸ்ட் செயலியில் உடன் குடியிருப்பவராகப் பெயர் சேர்த்து எடுத்த எஜாரி (வாடகை ஒப்பந்தப் பதிவு) அடுத்தது. தண்ணீர்-மின்சார பில் ஒருவர் பெயரில்தான் இருக்கும். கவலை வேண்டாம், கூட்டு வங்கிக் கணக்கு, காப்பீட்டு அட்டையில் இருவர் பெயர் என்று ஈடுசெய்யலாம். படங்கள் 20-க்கு மேல் கூடாது. அந்த இருபதில் பதினெட்டு தாலி கட்டும் படமாக இருக்க வேண்டாம். இரு வீட்டாரும் இருக்கும் படம், வேறு வேறு ஆண்டுகள், பயணம், பிறந்தநாள் என்று பிரித்து, கீழே தேதி, இடம், யார் யார் என்று ஒரு வரி எழுதுங்கள். வாட்ஸ்அப் உரையாடல், பிற தொடர்புச் சான்றுகள் 10 பக்கத்தோடு நிறுத்துங்கள்.

போலீஸ் சான்றிதழ் (பி.சி.சி.), மெடிக்கல், பணம்

போலீஸ் சான்றிதழ் துணைவருக்கு வேண்டும். 18 வயதுக்குப் பின், கடந்த 10 ஆண்டில், தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும். இப்போது வாழும் நாட்டின் சான்று, விண்ணப்பிக்கும் நாளில் 6 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அமீரகத்தில் இருக்கும்போதே எமிரேட்ஸ் ஐடியை வைத்து எடுத்துவிடுங்கள். நாட்டை விட்டுப் போனபின் எடுக்கக் கைரேகை, அட்டெஸ்டேஷன் என்று அலைச்சல். இந்தியச் சான்று பாஸ்போர்ட் அதிகாரியிடமிருந்து வர வேண்டும், உள்ளூர் காவல் நிலையத்துக் கடிதம் செல்லாது.

மெடிக்கலுக்கு நீங்களாகப் போகாதீர்கள். கடிதம் வந்தபின் பட்டியலில் உள்ள டாக்டரிடம் 30 நாளில் போனால் போதும். நாள்பட்ட நோயுள்ள துணைவருக்கும் மருத்துவச் செலவு அதிகம் என்ற காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. அந்த விதியிலிருந்து கணவன் மனைவிக்கு விலக்கு உண்டு.

2024 ஏப்ரல் 30-இல் நிர்ணயித்த கட்டணங்கள்: ஸ்பான்சர் கட்டணம் 85, பரிசீலனை 545, பி.ஆர். உரிமைக் கட்டணம் 575, மொத்தம் 1,205 கனடிய டாலர். பயோமெட்ரிக்ஸ் (கைரேகை, படம்) 85 தனி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள், கட்டும் நாளன்று பார்த்துக் கட்டுங்கள்.

பைல் போட்ட பிறகு

நடுவில் குழந்தை பிறந்தால் அன்றைக்கே தெரிவியுங்கள். சொல்லாமல் லேண்டிங் ஆனால் (துணைவர் பி.ஆர். ஆகக் கனடாவில் இறங்கினால்), பின்னால் அந்தக் குழந்தையை அழைக்க முடியாத நிலைகூட வரலாம். ஆனால் பலர் தேவையில்லாமல் குழந்தைக்கும் பி.ஆர். கட்டணம் கட்டுகிறார்கள். ஸ்பான்சர் கனடாவில் பிறந்தவராகவோ, குழந்தை பிறக்கும் முன்பே அங்கே குடியுரிமை வாங்கியவராகவோ இருந்தால், துபாயில் பிறந்த அவருடைய குழந்தை பிறப்பிலேயே கனடாக் குடிமகன். குழந்தைக்கு வேண்டியது குடியுரிமைச் சான்றிதழ். ஆனால் படிவங்களில் குழந்தையின் பெயரை விடாமல் எழுதுங்கள்.

விசா வந்தால் அதில் கடைசித் தேதி ஒன்று இருக்கும், பெரும்பாலும் மெடிக்கல் எடுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டு. அதற்குள் இறங்க வேண்டும். ஸ்பான்சரும் கூடவோ முன்னதாகவோ போவது நல்லது. துணைவர் மட்டும் தனியாக இறங்கி, 'அவர் துபாயில்தான், வேலையை விட மாட்டார்' என்றால் குடிவரவுக் கவுண்டரில் கேள்வி கட்டாயம் வரும்.

நகையை மறக்காதீர்கள். சாமான் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள், கையோடு வருவது ஒன்று, பின்னால் வருவது மற்றொன்று. ஆரம், வளையல், தாலிக்கொடி என்று ஒவ்வொன்றுக்கும் விவரம், மதிப்பு, படம் சேர்த்து முதல் வருகையிலேயே சுங்க அதிகாரியிடம் கொடுத்தால் வரியில்லாமல் போகும். கையில் 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ பணம் இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். பி.ஆர். கார்டு கனடா முகவரிக்கு மட்டுமே வரும். 180 நாளுக்குள் முகவரி கொடுக்காவிட்டால் கார்டுக்குத் தனியாக விண்ணப்பித்துக் கட்டணமும் கட்ட வேண்டும். அண்ணன் வீட்டு முகவரியை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள், தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டவும் சொல்லிவிடுங்கள்.